மாமி வீட்டுக் காற்று

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

மகள் ஆரபி பாமன்கடையிலிருந்து வந்துவிட்டாள். சனி, ஞாயிறில் நான் வீட்டில் ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூஷன் வைப்பதால் அவளை அங்கே இவருடைய தங்கை சுகந்தினி வீட்டில் விடுவது வழக்கம். இரண்டு நாளும் ஒரு தும்மல்கூட இல்லையாம். மூச்சிழுப்புக்கு அடிக்கிற பம்ப் தேவைப்படவில்லையாம். முழங்கை மடிப்பில் இருந்த கரப்பனும் வாடிப்போய்க் கிடக்கிறது.

"இஞ்ச நிண்டால் பிள்ளைக்கு ஒண்டுமில்லை மச்சாள்" என்றாள் போனில். நல்ல செய்திதான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம் ஓம், நல்லது" என்றேன்.

இஞ்ச நிண்டால் ஒண்டுமில்லை என்றால்? அங்கே நின்றால் இருக்கிறது என்றுதானே?

மூன்று வயதில் தோலில் தொடங்கியது. பிறகு தும்மலும் மூக்கடைப்பும். ஐந்தில் இழுப்பு. மூன்றோடும் மாரடிப்பவள் நான். படுக்கை விரிப்பைக் கொதிநீரில் அவிக்கிறேன், திரைச்சீலைகளைக் கழற்றி எறிந்தேன், இறால் நண்டு இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இத்தனை செய்தும் என் வீட்டில் மூச்சு முட்டுகிற பிள்ளை அவள் வீட்டில் பாடித் திரிகிறது.

வழக்கம்போல் வாசலிலேயே நிறுத்தி நாவூறு கழித்துத்தான் உள்ளே எடுத்தேன்.

பெப்ரவரி 10

விடிய இழுப்பு. பள்ளிக்கூடம் இல்லை. நான் நினைத்தது சரி.

பெப்ரவரி 16, ஞாயிறு

வெளியில் சொல்ல முடியாததை இதிலாவது எழுதுகிறேன். கண் படுகிறது. சுகந்தினி கலியாணம் முடித்து இத்தனை வருடமாகியும் பிள்ளை இல்லை. என் பிள்ளையை அள்ளி அள்ளிக் கொஞ்சுகிறாள். அப்படிப் பார்த்தால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்? தீபாவளிக்கு அவள் வீட்டால் வந்த அன்று இழுத்தது. அன்றிலிருந்து ஒரு முறையும் நான் தவறவிடுவதில்லை. அவள் வீட்டால் வந்தால் செத்தல் மிளகாய், உப்பு, கடுகு. மூன்று தரம் சுற்றிச் சிரட்டைத் தணலில் போடுவது.

இன்று இவர் பகிடி விட்டார். "மிளகாய் நெடி அடிச்சால் நாவூறு இல்லையெண்டுதானே சொல்லுறவை? பிள்ளை இருமுது, நான் இருமுறன், கீழ் வீட்டு ஜவாஹிறா அன்ரியும் இருமுறா. நீர் இன்னும் சுத்திக்கொண்டு நிக்கிறீர்."

"உங்கட தங்கச்சியின்ர கண் அப்பிடிப்பட்ட கண். மிளகாயையே ஏய்க்கும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைக்குக் கேட்கக்கூடிய தூரத்தில் சொல்லியிருக்கக் கூடாதுதான்.

மார்ச் 1, சனி

இன்று ஆரபியை நானே ஓட்டோவில் கொண்டுபோய் விட்டேன். போகாமல் இருந்திருக்கலாம்.

மூக்குக்கு அடிக்கிற ஸ்பிரே ஒன்றை டொக்டர் பைறோஸா போன வருடம் எழுதித் தந்தவர். என்னிடம் என்றால் ஆரபி கையைக் காலை உதறுவாள். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, மூக்குத்தானே என்று விட்டுவிட்டேன். நெஞ்சுக்கு உள்ள பம்பை ஒரு நாளும் விட்டதில்லை. அதுதானே உயிர்.

அங்கே என்னவென்றால், சுகந்தினி கதிரையில் இருந்தபடி "பயணிகளின் கனிவான கவனத்துக்கு" என்று ஸ்டேஷனில் சொல்வதுபோல மூக்கால் அறிவிக்கிறாள். என் பிள்ளை ஓடிப்போய் அவள் மடியில் ஏறி முகத்தைத் தூக்கிக் கொடுக்கிறது! ஸ்பிரே அடிக்க, வலப்பக்க மூக்கு தெஹிவளை ஸ்டேஷன், இடப்பக்கம் கல்கிசையாம். பிறகு சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் கிறீம். ஆரபி கிச்சுகிச்சு மூட்டினதுபோல் சிரிக்கிறாள்.

நான் வாசலில் செருப்போடு நின்றேன். "போட்டு வாறன் குஞ்சு" என்றேன். "ம்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

எரியுது. வயிறு பத்தி எரியுது. பெத்தவள் நான். ஆஸ்பத்திரி மர வாங்கில விடிய விடிய குந்தியிருந்தவள் நான். இவளுக்கு சனி ஞாயிறு மட்டும் பிள்ளை வேணும், சிரிக்கிற பிள்ளை வேணும். இழுக்கிற பிள்ளை எனக்கு.

ஏப்ரல் 5

சித்திரை லீவுக்கு ஆரபியைத் தன்னோடு நிற்க விடச்சொல்லிச் சுகந்தினி கேட்கிறாள். இவர் என்னிடம் கேட்காமலே ஓம் என்றுவிட்டார். "பிள்ளை அங்க சுகமா இருக்குது, அதுக்கென்ன?" அதுக்குத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 10, வியாழன்

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஆரபி ஐஸ்கிறீமோடு. கழுத்தில் ஒரு சொறிகூட இல்லை. வாய் மூடியிருக்கிறது. இங்கே எப்போதும் வாயால்தான் மூச்சு விடுவாள். படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். எங்காவது ஒரு சிவப்பு இருக்காதா என்று தேடினேனா? தேடினேன். தாயா நான்?

இதயம் ஒன்றைப் போட்டுப் பதில் அனுப்பினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிறகு டயரிக் கொப்பியில் ஒட்டவேண்டும். ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வாட். ஆரபி இப்போது நித்திரை.

நேற்று வருடப்பிறப்பு. சுகந்தினி பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். சொந்தக்காரர் எல்லாரும் ஒரே பாட்டு. "மாமி வீட்டில நிண்டு பிள்ளை என்ன வடிவா வந்திட்டுது!" எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் போனதும் பிள்ளையைக் குசினியில் நிறுத்திவைத்து, ஒரு கை மிளகாய்க்கு இரண்டு கை போட்டேன். மழை தூறியதால் யன்னலும் பூட்டு.

முதலில் தும்மல். பிறகு இருமல். பிறகு சத்தமே இல்லை. நெஞ்சு உள்ளே போய் உள்ளே போய்... உதடு நீலம். பம்ப் அடிக்க அடிக்க நிக்கேல்லை. பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு முழிக்குது, ஒரு சொல்லும் வரேல்லை. இவர் தூக்கிக்கொண்டு படியால ஓடினார். நான் செருப்பில்லாமல் பின்னால.

"பய வெண்ட எப்பா" என்றாள் சிங்கள நர்ஸ். பயப்படாதே என்கிறாள். பயப்படாமல் எப்படி?

இன்று காலை, ஓட்ஸ் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு சுகந்தினி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அந்த நேரம்தான் டொக்டர் பைறோஸா வந்தார். மாமி வீட்டில் சுகமாக இருந்த பிள்ளைக்கு வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி என்று என்னைக் கேட்டார். நான் தெரியாது என்றேன். அவர் ஆரபியின் பக்கம் குனிந்தார்.

"நீங்க சொல்லுங்க பாப்பம் புள்ள. வீட்ட வந்த பொறகு என்ன நடந்த?"

மாஸ்க்குக்குள்ளிருந்து பதில் வந்தது. "அம்மா மிளகாய் சுட்டவ. மாமி வீட்டால வந்தால் எப்பவும் சுடுறவ."

"மாமி வீட்டால வந்தா மட்டுமா? ஏன்?"

"மாமியின்ர கண் கூடாதாம்."

சுகந்தினி ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்தாள். "நான் வாறன் மச்சாள்" என்றாள். போய்விட்டாள்.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். ஏசவில்லை. தோல், மூக்கு, நெஞ்சு மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள். மூக்கைப் பார்க்காமல் விட்டால் நெஞ்சும் அடங்காது என்றார். "அந்தப் புள்ளட சுவாசக்குழாய் ஏற்கெனவே வீங்கிப் போயிருக்கு. நீங்க அதுக்குள்ள மிளகாய்ப் புகையப் போட்டிருக்கீங்க. ஒவ்வொரு கிழமையும்." பிறகு, "புள்ளட மாமி வீட்டில ஒரு மந்திரமும் இல்ல. மருந்து ஒழுங்காப் போடுறாங்க, புகை இல்ல. அவ்வளவுதான்."

நான் புகை போட்டேன், பிள்ளை விழுந்தது. பிள்ளை விழுந்ததால் அவள் கண் என்றேன். அவள் கண் என்று இன்னும் புகை போட்டேன். கணக்கு ரீச்சர் நான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசினால் நல்லது.

சுகந்தினி போன் எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

ஆரபிக்கு ஒன்றுமில்லை. ரியூஷன் நேரம் இவர் பக்கத்து அறையில் வைத்துப் பார்க்கிறார். மூக்கு ஸ்பிரே நானே அடிக்கிறேன். முதல் நாள் கடித்துவிட்டாள், இப்போது பழகிவிட்டாள். முழங்கை மடிப்புக் கரப்பன் ஆறி வருகிறது. என் வீட்டிலும் என் பிள்ளை வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். இதற்காகத்தானே எரிந்தேன்? இப்போது எல்லாம் எனக்கே எனக்கு.

"மாமி ஏன் வாறேல்லை?" என்று இன்றும் கேட்டாள். வேலை என்றேன்.

"நான் சொன்னதாலயா?"

இல்லை குஞ்சு. நான் சொன்னதால். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மே 18, ஞாயிறு

ரியூஷனை நிறுத்திவிட்டு ஆரபியையும் கூட்டிக்கொண்டு பாமன்கடைக்குப் போனேன். சுகந்தினி கதவைத் திறந்தாள். "வாங்கோ, இருங்கோ" எல்லாம் சொன்னாள். தேத்தண்ணி போட்டாள். ஆரபி போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். சுகந்தினி அவள் தலையைத் தடவினாள். ஆனால் கண் மட்டும் என் முகத்தில், சுவரில், மின்விசிறியில். பிள்ளையின் பக்கம் ஒரு முறைகூடப் போகவில்லை. பிஸ்கட் தட்டைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினாள்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள். தன் கண் கூடாது என்று அவள் நினைக்கிறாள்.

"மச்சாள், பிழை என்ர. மிளகாய்ப் புகைதான். டொக்டரே சொன்னவ."

"ஓம். தெரியும்."

"அப்ப பிள்ளையைப் பாருங்கோவன்."

"வேண்டாம் மச்சாள். பிறகு ஏதும் எண்டால், நீங்கள் ஒண்டும் சொல்லாட்டிலும் எனக்குத்தான் மனசு கேளாது."

இதைவிட அவள் என் கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாம். நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவினாள்.

எழும்பி, ஆரபியின் மருந்துப் பையை மேசையில் வைத்தேன். ஸ்பிரே, கிறீம், பம்ப். "வாற சனிக்கிழமை கொண்டுவந்து விடுவன். நான் ஓட்டோவிலேயே திரும்பிப் போயிடுவன். வேண்டாம் எண்டால் இப்பவே சொல்லுங்கோ."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 24, சனி

விட்டுவிட்டு வந்தேன். மூன்று வகுப்பிலும் ஒரே கணக்கைப் பிழையாகச் செய்தேன்.

மே 25, ஞாயிறு

ஆறு மணிபோல் இவர் ஆரபியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து விட்டேன். நேரே உள்ளே வந்தாள். கால் கழுவினாள், புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாமி உங்களோட கதைச்சவவோ?"

"ஓம். முதல் கதைக்கேல்லை. நான் மூக்குக்கு அடிக்கச்சொல்லி மடியில ஏறினனான். பிறகு பார்த்தவ."

"எப்பிடிப் பார்த்தவ?"

"சும்மா. கன நேரம். நான் நித்திரை கொள்ளுமட்டும் பார்த்துக்கொண்டே இருந்தவ அம்மா. எனக்கு வெட்கமாப் போச்சு."

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் எரிந்தது. அது இனிப் போகும் என்று தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு ஆரபியின் உடுப்பை மடித்து வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.