மணி இல்லாத பந்து

தம்பி,

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். என் மேல் இருக்கும் கோபத்தைச் சோற்றில் காட்டாதே.

நாலு மணிக்கு அடுத்த தெருக்காரர் தன் ஆண் நாயோடு வருவார். மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, இந்தக் கல்யாணம் நடக்காது என்று பக்குவமாகச் சொல்லிவிடு. நம் மகாராணியின் மரபணுச் சோதனை முடிவு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, பொறுமையாகப் படி. பார்வை மெல்ல மங்கும் நோய், பரம்பரையாக வந்தது. இவள் போடும் குட்டி ஒவ்வொன்றும் அதைச் சுமந்துதான் பிறக்கும்.

“பந்தை வீசுனா பறந்து போய்க் கவ்வுறா, அவளுக்கா கண்ணு போச்சு? லேப்ல வேற நாயோட எச்சிலைப் பாத்திருப்பாங்க!” என்று நேற்று குதித்தாயே. இன்று காலையில், பந்துக்குள் நீ போட்டுவைத்த மணியை எடுத்துவிட்டு அவள் முன்னால் உருட்டினேன். பந்து அவள் காலைத் தாண்டிப் போய்விட்டது. அவள் என் குரல் வந்த பக்கம் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

மணியை மறுபடி போட்டுவிட்டேன். சாயங்காலம் அவளோடு விளையாடு.

அக்கா

பி.கு.: போன வாரம் சோபாவை இடம் மாற்றியது நான். அவள் அதில் இடித்துக்கொண்டபோது “கண்ணு தெரியலையா உனக்கு?” என்று கத்தியதும் நான்தான். பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன். இனி எதையும் நகர்த்தாதே.