அண்ணை மட்டும் அறிந்த சொல்

அக்கா,

இன்று காலை வேலையிடத்துக் கணினி புதிய கடவுச்சொல் கேட்டது. விசைகளில் விரல் வைத்தபடியே, கோல்டிங்கில் அப்போது நான் தங்கியிருந்த உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். நீங்கள் மறைந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

உங்கள் அண்ணை வன்னியில் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு. சண்டை நெருங்கியபோது, ஊராரின் காணி உறுதிகளையும் மரணசாசனங்களையும் வவுனியாவுக்குக் கொண்டுவந்து ஸ்கான் செய்து, நீங்கள் இங்கே டென்மார்க்கில் திறந்துகொடுத்த இணையச் சேமிப்பில் ஏற்றினார். இன்று அதைக் கிளவுட் என்கிறோம். கணக்கு உங்களுடையது; கோப்புகளைத் திறக்கும் சொல் அவரிடம் மட்டும் இருந்தது. பிறகு கடதாசிகளோடு வன்னிக்கு, மனைவி மக்களிடம் திரும்பிப் போனார். பாதை மூடியது. தொலைபேசியும் நின்றது.

அந்த நாட்களில்தான் பக்கத்து ஊரான பிரெடெரிசியாவிலிருந்து ஒருவர் உங்களைத் தேடி வந்தார்.

"அக்கா, என்ர சித்தப்பா காணியை ஆருக்கு எழுதினவர் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

"அது அவருக்கும் நொத்தாரிசுக்கும் இடையில உள்ள விசயம், தம்பி. திறக்கிற சொல் எனக்கே தெரியாது."

அவர் நம்பவில்லை, கோபித்துக்கொண்டு போனார். "அண்ணையிட்ட அந்தச் சொல்லைக் கேட்டு வச்சிருக்கலாமே?" என்றேன்.

"தெரிஞ்சால் நானும் பாத்திடுவன் பிள்ளை" என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டீர்கள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. அண்ணை இல்லையென்றால் அந்த உறுதிகளும் இல்லை.

மே மாதம் போர் முடிந்தது. அதற்குப் பிறகும் பல நாள் ஒரு செய்தியும் இல்லை. ஒரு மத்தியானம் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு. அகதி முகாமில் யாரிடமோ இரவல் வாங்கிய தொலைபேசி. "அண்ணை!" என்று கத்திவிட்டு நிலத்தில் அமர்ந்துவிட்டீர்கள்.

"எல்லாரும் உயிரோட இருக்கிறம். கடதாசியள் எரிஞ்சு போச்சு. அங்க இருக்கோ?"

"ஓம் அண்ணை, இருக்கு. ஒருத்தரும் திறக்கேல்லை."

"எனக்கு ஏதும் நடந்தால் நீதான் சனத்திட்டக் குடுக்கவேணும்" என்று சொல்லி, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னார். நீங்கள் திருப்பிச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக, யாரோ ஒருவரின் உறுதி திரையில் விரிந்தது. நீங்கள் உள்ளங்கையால் பெயரை மறைத்தீர்கள்.

"காணும், இருக்கெண்டு தெரிஞ்சால் போதும். மூடு."

முகாமை விட்டு வந்தபின் அண்ணை ஒவ்வொருவராகத் தேடிப் பிரதி கொடுத்தார். பிரெடெரிசியாக்காரரின் சித்தப்பாவுக்கும்தான்.

அன்று அழைப்பு முடிந்ததும் நீங்கள் சோபாவில் சாய்ந்தீர்கள். அடுத்த நிமிடம் குறட்டை. பள்ளியால் வந்த உங்கள் மகள், அம்மாவுக்குச் சுகமில்லையா என்று டேனிஷில் கேட்டாள்.

"இல்லையம்மா, மாமா கதைச்சவர்" என்றேன்.

எங்கிருந்தாவது நல்ல செய்திக்காகக் காத்திருக்கும்போதெல்லாம், அக்கா, உங்களுடைய அந்தக் குறட்டையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.