கொண்டலை மறித்த வெற்றி மாளிகைகள்

வெண்கழி நாடு செழிக்க! கடல் கடந்து பகை வென்று, தென்தீவுப் பாசறையில் வீற்றிருக்கும் மன்னர் நெடுவேல் அதிராயர் திருவடிகளுக்கு, அவர் திரும்பும் வரை தலைநகரையும் அரச முத்திரையையும் காக்கும் அமைச்சன் மருதங்கிழான் நன்னாகன் வணங்கி எழுதும் ஓலை. தங்கள் வாள் வாழ்க, படை வாழ்க. நகரம் வாழ்கிறது என்று எழுத மட்டும் கை வரவில்லை.

தங்கள் பாட்டனார் இந்நகரை வகுத்தபோது, தெருக்கள் யாவும் கடல் நோக்கித் திறந்திருக்கவும், கரையோரம் தாழ்ந்த வீடுகளே நிற்கவும் விதித்தார். அதனால் உச்சிப்பொழுது சாய்ந்ததும் கொண்டல் என்னும் கீழ்க்காற்று தெருத்தெருவாய் நுழைந்து, ஊரின் வெக்கையை மேற்கு வாயில் வழியே வெளியே தள்ளும். இன்றோ தங்கள் வெற்றிகளின் நினைவாகத் தாங்கள் கட்டுவித்த தளபதியர் மாளிகைகள் கரை நெடுகக் கருங்கல்லாய் உயர்ந்து நிற்கின்றன. மாளிகைகளிடையே இடைவெளி கண்டு, தளபதியரிடையே பிளவு உண்டென்று எவரும் எண்ணலாகாது என்பது நம் வழக்கம். ஆகவே மாளிகைக்கு மாளிகை பொதுச்சுவர் வைத்து, ஓர் ஆள் நுழையும் சந்தும் விடாமல் அடைத்தோம்.

கொண்டல் அச்சுவரில் மோதி மேலெழும்பி, கூரைகளுக்கு மேலாகவே போய்விடுகிறது. மேல்மாடத்துத் தளபதி ஒருவர் குளிர்கிறதென்று கம்பளி கேட்டு ஆளனுப்பிய அதே மாலையில், பின்தெரு நெசவாளர் வீட்டில் கைக்குழந்தை வெக்கை தாங்காமல் இறந்தது. அதன் பின்னும் பல இறந்தன. பகலில் வெயிலைக் குடித்த கல் இரவெல்லாம் அனல் விடுகிறது. அடுப்புப் புகை தெருவிலேயே தேங்குகிறது. தாய்மார் அரண்மனை வாயிலில் திரண்டு, காற்றை எங்கே கட்டி வைத்திருக்கிறீர், அவிழ்த்துவிடும் என்று கேட்டனர்.

காற்றுக்கு வழிவிட நடு மாளிகையை மட்டுமாவது இடிக்க வேண்டி முன்பு முறையிட்டபோது, தங்கள் பெயர் பொறித்த அதை எவரும் தொடலாகாது என்று ஆணையிட்டு, கப்பல் நிறைய மயிற்பீலி விசிறிகள் அனுப்பினீர்கள். பெருமானே, அவை அனலையே சுழற்றுகின்றன. தாங்கள் இன்னும் முகம் காணாத இளவரசர் அம்மாளிகைகளின் பின்னே, அரண்மனையில், பால் குடிக்கவும் வலுவின்றித் துவண்டு கிடக்கிறார். காற்றைக் கொண்டு வாரும், இல்லையேல் என்னை அழைக்க வேண்டா என்று மருத்துவச்சி செம்பி கைவிரித்துவிட்டாள். அரசியார் என் காலில் விழ வந்தார். இதற்கு மேல் நான் எப்படிப் பொறுப்பேன்?

தங்கள் மறுமொழி கடல் கடந்து வரும்வரை அக்குழந்தை தாங்காது. ஆதலால் தாங்கள் நம்பி அளித்த முத்திரையை இட்டு, நடு மாளிகையை இடிக்க ஆணை பிறப்பித்துவிட்டேன். மன்னர் பெயர் பொறித்த கல்லைத் தொட்டால் கை போகும் என்று கல்தச்சர் பின்வாங்குகின்றனர். விடிந்ததும் முதற்கல்லை நானே பெயர்ப்பேன். குற்றம் என்னுடையது, அவர்களுடையது அன்று.

அரச முத்திரையை இவ்வோலையோடு திருப்பி அனுப்பியுள்ளேன். என் தலையைக் கொள்ள ஆணை அனுப்புங்கள், வாயிலில் காத்திருப்பேன். இடித்த இடத்தை மீண்டும் அடைக்க மட்டும் ஆணை அனுப்பாதீர்கள்.