விரலைப் பிடித்த சோத்துமூடி

14 ஆகஸ்ட் 1951, செவ்வாய்

விரல் நுனி இன்னும் சுடுசோறு மணக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை.

ரப்பர் தோட்டத்து வாசலில் எனக்குக் காவல் வேலை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பால் வெட்டப் போகிறவர்களின் வாளிகளைக் கிளறிப் பார்க்கிறேன். அதனால் தொழிலாளர் லயத்துப் பெண்கள் என்னோடு பேசுவதில்லை.

இன்று காலை அன்னம்மாக்காவின் வாளியிலிருந்து சோற்று மணம் வந்தது. பின்னால் சார்ஜன்ட் நின்றார். பிடிபட்டால் அக்காவுக்கு ஜெயில்தான்.

“சோறு இல்ல லா, தம்பி. சோத்துமூடிச் செடி. மணத்துக்கு எறும்பு வரும், உள்ள விழுந்ததும் மூடிக்கும். ரப்பர் மரத்து எறும்பத்தான் தின்னும். அதான் வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

நம்பாமல், வாளிக்குள் டின்னில் நட்டிருந்த செடியின் பச்சைக் குடுவைக்குள் விரலை விட்டேன். மூடி கவ்விக்கொண்டது.

“இழுக்காதீங்க, பிஞ்சிரும். எறும்பு இல்லன்னு தெரிஞ்சா அதுவே விட்டுரும்.”

டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்ற கையால் மீதிப் பேரைச் சோதித்தேன். வரிசை முழுக்கச் சிரிப்பு. சார்ஜன்டும் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

ஒருவழியாகச் செடி விரலை விட்டது. அக்கா டின்னை வாங்கிக்கொண்டு, “இது இன்னும் பட்டினிதான். நீங்க சாப்பிட்டீங்களா, தம்பி?” என்றார்.

இந்த வாசலில் நிற்க வந்த பிறகு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டேன் என்றேன். வெறும் தேத்தண்ணிதான் குடித்திருந்தேன். ஆனாலும் இன்று முழுக்கப் பசிக்கவேயில்லை.