பவளம் திறந்ததா என்று கேட்கிறார் அண்ணன்

என் அன்பான, கோபக்கார அண்ணிக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை. காபி குடித்த டம்ளரைக் கழுவாமல் வைத்தால் மாடியிலிருந்தே கத்துவீர்கள். இப்போது ஆக்லாந்து மவுண்ட் வெல்லிங்டன் வீட்டில் டம்ளர்கள் சிங்க்கில் அவை பாட்டுக்குக் கிடக்கின்றன. கேட்க நாதியில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடல் மீன் தொட்டியில் மாமனார், மாமியார் என்று நீங்கள் பெயர் வைத்த இரண்டு கோமாளி மீன்களும் சௌக்கியம். மாமியார் இன்றைக்கும் மாமனாரைத் தொட்டி முழுக்கத் துரத்திக்கொண்டுதான் இருக்கிறார். கெட்ட சேதி பவளங்களைப் பற்றியது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தேன்.

அவை வீட்டுக்கு வந்த அன்று உங்களுக்கு இருந்த பூரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை மெத்து மெத்தென்று காளான் போல இருக்கும் பவளங்கள்தான் நம் தொட்டியில் இருந்தன. "இனிமே கல் பவளம்டா சரவணா! அதுலயும் சுலபமா வளர்ற ரெண்டு ரகம்தான் முதல்ல" என்றீர்கள். மனுரேவாவில் உங்களைப் போலவே பவளம் வளர்க்கும் முன்சாமி, செடியில் கிளை வெட்டிக் கொடுப்பது போல, தன் தொட்டியில் வளர்ந்ததில் இரண்டைக் கொடுத்தார். பச்சை நடுவும் பழுப்பு விளிம்புமாகக் குட்டிக் குட்டித் தலைகள் வைத்த மிட்டாய்ப் பவளம் ஒன்று. நுனியில் சுத்தியல் போல வளைந்த விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் ஹாமர் பவளம் இன்னொன்று. ஒன்றையொன்று கொட்டிவிடும் என்று இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு, வெளிச்சம் பழகட்டும் என்று கீழ்த்தட்டில் வைத்தீர்கள்.

"இது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத்தான் கல்லு கட்டும். எது கொடுத்தாலும் ஒரே அளவா கொடுக்கணும். இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னா செத்துப்போயிடும், புரியுதா?" என்று கேட்டீர்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். எனக்கென்ன தெரியும், அந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் நெஞ்சு வலியில் போய்ச் சேருவீர்கள் என்று?

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்கு விமானம் ஏறினார்கள். வீட்டில் நானும் அண்ணனும் மட்டும். அவர் அழவும் இல்லை, பேசவும் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், மீட்டிங்கில் மட்டும் இங்கிலீஷில் கலகலவென்று பேசிவிட்டு லேப்டாப்பை மூடினால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாள் முழுக்க என்னிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "டேய், பவளம் தொறந்துச்சா?"

ஆரம்பத்தில் திறந்தது. பிறகு ஹாமர் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மிட்டாய்ப் பவளத்தின் தலைகள் ஒட்டிப்போன கன்னம் போல ஆயின. நான் என்னதான் செய்வேன் அண்ணி? நீங்கள் வைத்திருந்த பரிசோதனைப் புட்டிகளை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்த்தேன். சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. கல் கட்டுவதற்குச் சுண்ணாம்புதானே வேண்டும், நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். உப்பு பார்க்கும் ஊசி மீட்டர் எப்போதும் சரியான இடத்திலேயே நின்றது. விளக்கைக் குறைத்தேன், ஹீட்டரை மாற்றினேன், நீரோட்டத்தைத் திருப்பினேன். ஒன்றும் எடுபடவில்லை. வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கும்போதுகூட அதே நினைப்பு. உங்களைத்தான் விட்டுவிட்டோம், நீங்கள் ஆசையாகக் கொண்டுவந்ததையாவது பிடித்து வைக்கக் கூடாதா?

ஒரு விஷயத்தில் மட்டும் சந்தோஷப்பட்டேன். தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை. ஆக்லாந்து குளிருக்கு ஆவியாகாது போலிருக்கிறது, ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். முட்டாள் என்று நீங்கள் என்னைத் திட்டுவது நியாயம்தான்.

ஹாமர் செத்துப்போனது. சதை கரைந்து வெள்ளைக் கல் மட்டும் நின்றது. அதை எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வேலை முடிந்து முன்சாமி வீட்டுக்குப் போனேன். அவர் ஃபிஜிக்காரர். தமிழ் 'அம்மா', 'தண்ணி', 'சாமி' அளவுக்குத்தான் வரும், மற்றதெல்லாம் இங்கிலீஷ். தன் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். உப்பு எக்கச்சக்கம் என்றார். நம் ஊசி மீட்டரில் உப்புப் படிந்து ஊசி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் விளங்கவில்லை. நான் கிளம்பும்போது "அம்மா ரொம்ப நல்ல அம்மா" என்று தமிழில் சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

அடுத்த நாள் லீவு போட்டேன். வழக்கமாக நான் கிளம்பிப் போயிருக்கும் நேரம். அண்ணன் குளித்து, திருநீறு பூசி, உங்கள் வெள்ளை வாளியோடு வந்தார். உப்பை அளந்து போட்டு, உங்களைப் போலவே மரக் கரண்டியால் கலக்கினார். அபிஷேகம் செய்வது போல நிதானமாக, மீன் மிரளாமல் தொட்டியில் ஊற்றினார். குறைந்த தண்ணீரை ரொப்பியாயிற்று. ஊற்றி முடித்து, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு மாற்றும்போது நீங்கள் உப்புக் கரைப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தினமும் ஆவியாவதற்கு வெறும் தண்ணீர்தான் ஊற்றுவீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? குழம்பு சுண்டினால் தண்ணீர்தான் போகும், உப்பு சட்டியிலேயே நிற்கும். மேற்கொண்டு உப்புத் தண்ணீரையே ஊற்றினால் வாயில் வைக்க முடியுமா? சமைக்கிறவனுக்கு இது தெரியும். அண்ணன் வாழ்க்கையில் அடுப்புப் பக்கம் வந்தவரா, நீங்களே சொல்லுங்கள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன், அண்ணி. அந்த மனுஷன் ஒரு நாளில் மனசார செய்வது அந்த ஒரு வேலைதான். ஆனால் சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் மிட்டாய்ப் பவளமும் போய்விடும். அது போனால் மறுநாள் காலையில் "தொறந்துச்சா" என்று அவர் கேட்கும்போது நான் என்ன சொல்வேன்? கடைசியில் சொன்னேன். முடிந்தவரை பூப்போலத்தான் சொன்னேன். "அண்ணா, அதுக்கு உப்பு வேணாம்ணா. வெறும் தண்ணி போதும்."

"தினமும் ஊத்துறேனேடா" என்றார்.

"தெரியும்ணா."

"அப்போ ஹாமர் செத்தது என்னாலதானா?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். நீங்கள் போன பிறகு முதல் முறையாக மனம் விட்டுப் பேசினார். "அன்னைக்கு நெஞ்சைக் கரிக்குதுன்னா. கேஸா இருக்கும், இந்தா குடின்னு பாட்டில்ல இருந்த ஓமத் தண்ணிய ஊத்திக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்னேன். அவளும் குடிச்சிட்டுப் படுத்தா. நல்லதுன்னு நெனச்சுத்தானேடா கொடுத்தேன். அதுவும் இப்படித்தானா?"

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணி. ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லவில்லை, உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம்கூட இல்லை. இத்தனை நாள் இதை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷன் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தார்?

"இல்லண்ணா, சத்தியமா இல்ல" என்றேன். அது நிஜமா பொய்யா, எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்கலாம்தான். கேட்கப் பயமாக இருக்கிறது. ஒரு டம்ளருக்கு அந்தக் கத்து கத்துவீர்களே, அன்றைக்கு மட்டும் ஏன் கத்தவில்லை? இது கேஸ் இல்லை, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவர் ஊற்றிக் கொடுத்தாரே என்பதற்காகவா பேசாமல் குடித்துவிட்டுப் படுத்தீர்கள்?

உப்பை ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்றார் முன்சாமி. தினமும் நான் தொட்டித் தண்ணீரில் ஒரு குவளை எடுக்கிறேன், அண்ணன் ஒரு குவளை வெறும் தண்ணீர் ஊற்றுகிறார். "இது போதுமா, சரியா இருக்கா" என்று ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்கிறார். மிட்டாய்ப் பவளத்தில் சில தலைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பிழைக்குமா என்று முன்சாமிக்கே தெரியவில்லை.

அதனால் அதைக் காப்பாற்றுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அண்ணி. என்னால் ஆனது வேறொன்று இருக்கிறது. சாப்பிடும்போது, காரில் போகும்போது, திடீர் திடீரென்று அண்ணன் என் பக்கம் திரும்பி, "அவளுக்கும் அப்படித்தானாடா?" என்று கேட்கிறார். எத்தனை முறை கேட்டாலும், முதல் முறை கேட்பது போலவே கேட்டு, "இல்லண்ணா" என்று சொல்வேன். உங்களைத் தவிர வேறு யாருக்கும் பதில் தெரியாத கேள்விக்கு, உயிருள்ளவரை உங்கள் இடத்திலிருந்து அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

நான் சொல்வது தப்பென்றால் என்னை மன்னியுங்கள். அவரை மன்னிக்க ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கொழுந்தன்,
சரவணன்