இந்தி எழுத்தில் தமிழ்ப் பாட்டு

ஞாயிறு, இரவு.

மராத்தி ஊரான இந்தக் கட்கியின் முருகன் கோவில் கமிட்டியில் இன்று என் யோசனை தோற்றது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பஜனைப் பாட்டுகளை இந்தி எழுத்தில் அச்சடிக்கலாம் என்று மாதிரித் தாளும் காட்டினேன். தலைவர் வேலு அண்ணன் மேசையைத் தட்டினார். “தமிழை இந்தி எழுத்துலயா போடுவ? வெக்கமா இல்ல?” எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார். “அந்தத் தாள் ஒண்ணு குடும்மா. நானும் மராத்தி ஸ்கூல்ல படிச்சவன்தான், எனக்கும் இந்த எழுத்துதான் வரும்.” வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வருஷக்கணக்கில் முன்வரிசையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துப் பாடுகிறவர். அத்தனையும் மனப்பாடம்!

அடுத்த கூட்டத்தில் இந்த ஒன்றைச் சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன். அதன்பிறகு அவர் கோவிலில் வாய் திறப்பாரா?