சந்தனத்தின் மேல் பழி

கார்த்திகை 6, சனி

விடாத மழை. குழாய்த் தண்ணீர் இன்று முறை இல்லை. டிரம்மில் பிடித்து வைத்ததில்தான் இரண்டு வேளைக் குளியலும்.

தாடை அரிக்கிறது. நேற்று கொசு என்று விட்டுவிட்டேன். இன்று கண்ணாடியில் பார்த்தால் காது ஓரத்திலிருந்து தொண்டை வரை சிவப்பு. நடுவில் பொடிப் பொடியாகக் கொப்புளம். மாலை உரசும் இடமெல்லாம் எரிச்சல்.

சந்தேகம்: துளசி மாலை (புதிது). டிரம் தண்ணீர். கடற்கரையில் உட்கார்ந்தபோது மணல் ஈ. மலிவாக வாங்கின சோப்பு.

டையைச் சேர்க்கவில்லை. தலைக்கும் மீசைக்கும் எத்தனை வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் செய்ததில்லை. தாடிக்கு வியாழக்கிழமைதான் முதல் தடவை. மாலை போட்டவனுக்குச் சவரம் கூடாது, சாயம் கூடாது. தெரியும். ஆனால் போன வருடம் விரதத்தில் வெள்ளைத் தாடியோடு டெலானிபூர் பஸ்ஸில் நின்றபோது ஒரு காலேஜ் பெண் எழுந்து, "தாதாஜி, ஆப் பைட்டியே" என்று ஹிந்தியில் என்னைத் தாத்தா ஆக்கி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்துவிட்டேன் வேறு. அன்று பட்டது இன்னும் போகவில்லை.

சாயங்காலம் மரைன் ஹில்லில் குருசாமி வீட்டில் பூஜை. கப்பல் என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகிய தொண்டை அவருக்கு, ரிட்டயர் ஆகியும் இறங்கவில்லை. கச்சால் சாமி வழக்கம்போல் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம். வீட்டில் தன் கையால் அரைத்து எடுத்து வந்து எல்லோருக்கும் நெற்றியிலும் கழுத்திலும் அவரே பூசிவிடுவார். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர், அதனால் அந்தப் பெயர். இப்போது வெல்டிங் பட்டறையில் வேலை. இந்த வருடம் அவருக்குப் பதினெட்டாவது மலை, தென்னங்கன்று தூக்கிக்கொண்டு போகப்போகிறார். இந்தத் தீவிலிருந்து சென்னை போகும் கப்பலில் கன்றை எங்கே வைப்பது என்பதே குழுவில் பேச்சு.

என் கழுத்தில் பூசும்போது அவர் கை நின்றது. "என்னங்க சாமி, வெந்த மாதிரி இருக்கு?"

பின்னால் டிரைவர் சாமி, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு: "முகத்துல காட்டிருச்சு பாருங்க. விரதத்துல எங்கியோ இடிக்குது."

சரண கோஷத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கார்த்திகை 8, திங்கள்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி, தோல் டாக்டர். தனியாகப் போக நினைத்தேன், டிரைவர் சாமி வண்டியோடு வாசலில் நிற்கிறார். நல்ல மனுஷன். ஆனால் உள்ளேயும் கூடவே வந்துவிட்டார்.

டாக்டரம்மா சின்ன வயசு. கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலர்ஜி என்றார். என்னென்ன தடவுகிறீர்கள்? சோப்பு, தேங்காய் எண்ணெய், விபூதி, சந்தனம். "அவுர் தாடி மே? குச் லகாதே ஹை க்யா?" தாடிக்கு ஏதாவது போடுவதுண்டா என்று.

"நஹி மேடம்" என்றேன். டிரைவர் சாமியின் முட்டி என் முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. வேறு என்ன சொல்வது?

ஆயின்மென்ட், மாத்திரை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார். சோப்பை நிறுத்தியாயிற்று.

மனைவி வசந்தி மதுரையிலிருந்து போன், மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். மகளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. "சாமி, வீடியோல வாங்க, தாடி எப்படி இருக்குன்னு பாக்கணும்." சிக்னல் இல்லை என்று சொன்னேன். "மாலை போட்டாச்சுல்ல, அந்த டை டப்பாவ இனியாச்சும் மூடி வையுங்க" என்றாள். சரி என்றேன்.

கார்த்திகை 9, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

பூஜை முடிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். குருசாமி எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். "என்ன டெலானிபூர் சாமி, டாக்டர் என்ன சொன்னார்? விரதத்துல ஒண்ணும் குறையில்லையே?" அந்தத் தொண்டைக்கு ரகசியம் பேசத் தெரியாது. எல்லோர் கையும் கிண்ணத்தில் நின்றுவிட்டது.

"பூசுற பொருள்ல ஏதோ சேரலைன்னு சொல்றாங்க சாமி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சந்தனமா இருக்கலாம்."

ஏன் சொன்னேன்? டாக்டர் சந்தனம் என்று சொல்லவே இல்லை. எல்லோரும் என் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தார்கள்.

கச்சால் சாமி கிண்ணத்தைக் கையில் வைத்தபடி எழுந்து நின்றார். "நல்ல கட்டைங்க சாமி. வேறொண்ணும் கலக்குறதில்லீங்க." குருசாமி பக்குவமாகத்தான் சொன்னார், யாரும் தப்பாகச் சொல்லவில்லை, இருந்தாலும் நாளையிலிருந்து அபர்டீன் பஜாரில் பாக்கெட் சந்தனம் வாங்கிக்கொள்வோம் என்று. கச்சால் சாமி தலையாட்டினார். மீதிச் சந்தனத்தை வாழையிலையில் வழித்து மூடினார். என் பக்கம் வந்து, "மன்னிச்சுக்கங்க சாமி" என்றார்.

நான் "பரவாயில்ல சாமி" என்றேன். என்ன பெருந்தன்மை!

கார்த்திகை 12, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. பால் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆயின்மென்டில் எரிச்சல் பாதி குறைந்திருந்தது. பாக்கெட் சந்தனம் வந்தபிறகுதான் சரியாகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்ப ஆரம்பித்தேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது. அந்தத் தெம்பில் நேற்று மறுபடி டை. அடித்தாடியில் வெள்ளை தெரிந்தது, ஆபீசில் இன்ஸ்பெக்‌ஷன், புது அதிகாரி என்னைவிடப் பத்து வயது சின்னவன். காரணத்துக்கா பஞ்சம்.

பூஜைக்குக் கச்சால் சாமி வரவில்லை. பட்டறையில் வேலை அதிகமாம்.

கார்த்திகை 13, சனி

கண் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி, கன்னத்தில் நீர் கசிகிறது. சட்டைக் காலரெல்லாம் மஞ்சள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தச் சந்தனம் என் மேல் படவே இல்லை. பட்டது ஒன்றே ஒன்று. இது புரிய எனக்கு டாக்டர் வேண்டியதில்லை.

பூஜைக்குப் போகவில்லை. கூப்பிட வாசலுக்கு வந்த டிரைவர் சாமியிடம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்.

கார்த்திகை 15, திங்கள்

மழை. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில், தனியாக, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. இந்த முறை யாரும் சீட் தரவில்லை. பக்கத்தில் இருந்தவரும் எழுந்து போனார்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஹிந்தியில் டை என்று சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது, ஹிந்தியிலும் அது டைதான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெஹ்லே போல்னா தா நா, சாமிஜி." முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்று. திட்டவில்லை. வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட உடம்பு ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாது, அப்படி ஆனால் ஆனதுதான், இனி தலைக்கும் தொடக் கூடாது என்றார். முள்ளு முள்ளாய் இருந்த தாடியில் அப்பினதில் பாதி தோலில்தான் இறங்கியிருக்கிறது. சந்தனத்தைப் பற்றிக் கேட்டேன். சந்தனத்திலும் சிலருக்கு வரும், உங்களுக்கு வந்தது அது இல்லை என்றார்.

டப்பாவைக் குப்பையில் போட்டேன். பிறகு யாராவது பார்ப்பார்கள் என்று எடுத்து, பேப்பரில் சுற்றித் திரும்பப் போட்டேன். இந்த ஜாக்கிரதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கார்த்திகை 17, புதன்

வீக்கம் வடிகிறது. தோல் உரிகிறது. வசந்திக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை பஜனையில் சொல்கிறேன் என்றேன். "அதுவரைக்கும் அவரு என்ன நெனச்சுக்கிட்டு இருப்பாரு?"

போனை வைத்த பிறகும் கச்சால் சாமி வீடு இருக்கும் மின்னி பே பக்கம் போகவில்லை. முகம் கொஞ்சம் ஆறட்டும் என்று.

கார்த்திகை 20, சனி

சொல்லிவிட்டேன்.

படி பூஜை முடிந்ததும் எழுந்து நின்றேன். சந்தனத்தில் குற்றமில்லை, நான் தாடிக்கு டை போட்டேன், இரண்டு தடவை, விரதத்தில், அதை மறைக்கத்தான் சந்தனத்தைச் சொன்னேன் என்றேன். ஒரே மூச்சில்.

முதலில் டிரைவர் சாமி சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், வாயில் துண்டை வைத்துக்கொண்டு. அடுத்து எல்லோரும். குருசாமிக்கு இருமலே வந்துவிட்டது. "ஐயப்பனே சிரிச்சிருப்பாரு, விடுங்க சாமி. நூத்தியெட்டு சரணம் சொல்லுங்க, போதும்." ஒருவர் என்ன பிராண்ட் என்று கேட்டார், அவர் மச்சானிடம் சொல்ல வேண்டுமாம். எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு வாரம் இதற்கா செத்தேன்?

கச்சால் சாமி இன்றும் வரவில்லை. "நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க, கிண்ணத்தோட வரச் சொல்லுங்க" என்றார் குருசாமி. நாளை காலை போகிறேன். பல நாள் கழித்துப் பசி. மூன்று தோசை.

கார்த்திகை 21, ஞாயிறு

காற்று. கடல் சரியில்லை, படகுகள் நிற்கின்றன. வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு மின்னி பே. ஏற்றத்தில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை, வாசலில் இரண்டு பிள்ளைகள்.

கதவைத் திறந்தவரை யாரென்று தெரியவில்லை. மழுமழுவென்று சவரம் செய்த முகம். நீல லுங்கி. கழுத்தில் ஒன்றும் இல்லை.

"வாங்க சாமி, வாங்க." உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். மாலை போட்டவன் வீடு தேடி வந்தால் செய்கிற முறைதான். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் என் காலில் விழுந்தார்கள். நானும் "சாமி சரணம்" என்று சொல்லித் தொலைத்தேன். பழக்கம்.

மாலை எங்கே என்று கேட்டேன்.

"கழட்டிட்டேனுங்க. போன ஞாயித்துக்கெழம கோயில்ல ஐயர் கையால. சந்தனத்த நிறுத்தியும் சாமிக்குக் கண்ணே மூடிப்போச்சுன்னு டிரைவர் சாமி சொன்னாங்க. சந்தனம் நல்ல கட்டதான். அப்ப கொற எங்கிட்டதானேங்க? என் கையிலதான் என்னமோ இருக்குன்னு தோணிப்போச்சு. இந்தக் கையோட மல ஏறலாங்களா?"

போன ஞாயிறு. நான் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்திருந்த மறுநாள்.

சொன்னேன். நேற்று ஒரே மூச்சில் வந்தது இன்று துண்டு துண்டாக வந்தது. டை என்ற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டார். முடித்த பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார், வெல்டிங் பொறி பட்ட தழும்பு முழுக்க.

"அப்ப என் கை சுத்தந்தானுங்களா சாமி?"

"சுத்தம்."

"கேட்டியா புள்ள" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "நம்ம கையில இல்லியாம்! சாமியே வந்து சொல்லுறாங்க!" அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார்.

மறுபடி மாலை போட்டுக்கொள்ளுங்கள், குருசாமியிடம் நான் பேசுகிறேன் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கப்பலுக்கு முன்னால் மண்டலம் முடியாது, நாள் காணாது. பதினேழு வருடம் விடாமல் போனவர். "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க. அவன் கூப்புடணும்ல." என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

டீ குடித்தேன். கிளம்ப எழுந்ததும் பிள்ளைகளையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி, குடும்பத்தோடு மறுபடி விழுந்தார். வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தேன், சுவர் இடித்தது. அவர் நெற்றி என் பாதத்தில் பட்டது.

பதிலுக்கு நானும் அவர் காலில் விழுந்தேன் என்று எழுத ஆசை. விழவில்லை. மாலை போட்டவன் போடாதவன் காலில் விழக் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்கு நியமம் ஞாபகம் வந்தது.